எலெக்ட்ரிக் அவென்யூவில் இரண்டு தொப்பிகள்

சனிக்கிழமை முற்பகல். பிரிக்ஸ்டன் பாதாள ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து இடப்பக்கம் திரும்பினால் எலெக்ட்ரிக் அவென்யூ. 1880களிலேயே மின்விளக்கு எரிந்த சந்தைத் தெரு என்பதால் அந்தப் பெயர். அந்தப் பெருமையை இப்போது யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. மண் ஒட்டிய யாம் கிழங்கு, பச்சை வாழைக்காய், உப்புத் தண்ணீரில் ஊறும் பன்றிவால் வாளி, ஐஸ் மேல் வாய் பிளந்து கிடக்கும் மீன்கள், நடுவே கைபேசி உறை விற்கும் ஒரு ஆப்கானியர். ஒரு கடை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி கிடைத்தது. டீயை வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் அரை நாள் ஓட்டிவிடலாம்.

தெருமுனையில் இரண்டு போலீஸ்காரர்கள் தென்பட்டார்கள். ஒரு ஆண், ஒரு பெண். அவன் தலையில் பழைய காலத்து உயரத் தொப்பி, அவள் தலையில் வட்டத் தொப்பி. கத்திக்குத்துத் தாங்கும் கறுப்பு அங்கி, தோளில் கரகரக்கும் ரேடியோ, நெஞ்சில் சின்னக் கேமரா. அவசரமே இல்லாத நடை. லண்டன் போலீஸின் நடைக்கென்று ஒரு வேகம் உண்டு. எங்கேயும் போய்ச் சேர வேண்டியதில்லாதவர்கள் மாதிரி நடப்பார்கள், ஆனால் கண் மட்டும் ஒவ்வொரு பையையும் தொட்டுவிட்டு வரும்.

மீன்கடைக்காரர் அறுபது தாண்டிய வெள்ளைக்காரர். கையில் செதில் ஒட்டியிருந்தது. "மார்னிங், ஆபீசர்" என்று முகம் மலரச் சொன்னார். அவர்கள் இரண்டு கடை தள்ளிப் போனதும் உள்ளே திரும்பி, குரலைத் தாழ்த்தாமலே, "ஓல்ட் பில் வந்திருக்குடா, மஞ்சள் கோட்டுல நிக்கிற வேனை எடு" என்றார். உதவியாளன் சாவியோடு ஓடினான்.

அடுத்தது சக்கரப் பெட்டி இழுத்துக்கொண்டு வந்த வெளிநாட்டுக் குடும்பம். சின்னப் பெண்ணின் கண் அந்த உயரத் தொப்பியில் நிலைத்துவிட்டது. "பாபி! பாபி!" என்று அப்பாவின் சட்டையை இழுத்தாள். போலீஸ்காரன் குனிந்து ஒரு போட்டோவுக்கு நின்றான். பெண் போலீஸ் ஒதுங்கி நின்று தெருவைப் பார்த்தாள். அவளுடைய வட்டத் தொப்பியை யாரும் போட்டோ எடுக்கக் கேட்கவில்லை.

தேவாலயத்துக்குப் போகிற மாதிரி தொப்பியும் கையுறையும் போட்ட ஜமைக்கா மூதாட்டி ஒருவர் என் பக்கத்தில் தள்ளுவண்டியை நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். போட்டோ எடுப்பதைப் பார்த்து உதட்டைச் சுழித்து, பல்லிடுக்கில் காற்றை இழுத்து, நீளமாக உச்சுக்கொட்டினார். கூட இருந்த தோழியிடம் ஒரே ஒரு வார்த்தை: "பாபிலோன்." தோழி தலையாட்டினார். மேலே பேச வேண்டிய அவசியம் இருவருக்கும் இல்லை.

அதற்கும் அப்பால், ரயில் பாலத்தின் நிழலில், சைக்கிள் மேல் உட்கார்ந்திருந்த மூன்று பையன்கள். அதில் ஒருவன் தலையைத் திருப்பாமல் உதட்டோரமாகச் சொன்னான்: "பாய்டெம்." இன்னொருவன், "ஃபெட்ஸ், ப்ரவ்" என்று அதையே வேறு வார்த்தையில் வழிமொழிந்தான். மூன்று சைக்கிளும் மூன்று சந்தில் கலைந்தன. அவர்கள் எந்தத் தப்பும் செய்ததாக நான் பார்க்கவில்லை.

ஒரு தெருவைக் கடப்பதற்குள் அந்த இரண்டு பேருக்கும் இத்தனை பெயர். ஆபீசர், ஓல்ட் பில், பாபி, பாபிலோன், பாய்டெம், ஃபெட்ஸ். எல்லாம் அவர்கள் காதில் விழுந்திருக்கும். எதற்கும் திரும்பவில்லை. யார் எந்தப் பெயரால் கூப்பிடுகிறார் என்று கேட்டாலே போதும், போலீஸ் அவர் சட்டைப் பையில் எத்தனை முறை கைவிட்டிருக்கிறது என்று ஓரளவு சொல்லிவிடலாம். 'பாபி' என்பவரை அநேகமாக ஒருமுறைகூட நிறுத்திச் சோதித்திருக்க மாட்டார்கள். அது வாழ்த்து அட்டையில் வரும் சொல், தேர்தல் சமயத்தில் "தெருவுக்குத் தெரு பாபி" என்று வாக்குறுதி கொடுக்கிறவர்களின் சொல். விலங்கு மாட்டப்பட்டவன் வாயில் நான் அதைக் கேட்டதே இல்லை.

இத்தனைக்கும் அந்தச் சொல் பிறந்தபோது அதிலும் கேலிதான் இருந்தது. 1829இல் உள்துறை அமைச்சர் ராபர்ட் பீல் லண்டனுக்கு ஒரு போலீஸ் படையை உண்டாக்கினார். அந்த வருடம் செப்டம்பர் 29ஆம் தேதி மாலை முதல் ரோந்து கிளம்பியது. ராபர்ட்டின் செல்லச் சுருக்கம் பாபி. அமைச்சரின் ஆட்கள், ஆகவே பாபிகள். அதற்கு முன்பே அவர் அயர்லாந்து நிர்வாகத்தில் இருந்தபோது அங்கேயும் ஒரு படை திரட்டியிருந்தார், அவர்களை அங்கே 'பீலர்' என்றார்கள். பெல்ஃபாஸ்ட் தெருக்களில் இன்றும் பீலர்தான். ஒரே மனிதரின் பெயரை இரண்டாக உடைத்து முன்பாதியை இங்கிலாந்தும் பின்பாதியை அயர்லாந்தும் வைத்துக்கொண்டன. செல்லம் ஒரு பக்கம் போயிற்று, கசப்பு இன்னொரு பக்கம் போயிற்று.

படையின் அலுவலகம் வொயிட்ஹால் பிளேஸ், 4ஆம் எண் கட்டிடம். அதன் பின்வாசல் கிரேட் ஸ்காட்லாந்து யார்டு என்ற இடத்தில் திறந்தது. பின்வாசல் பெயர்தான் நிலைத்தது. எந்தக் கட்சி ஆண்டாலும் நம் ஊர்ச் சட்டமன்றத்தில் 'ஸ்காட்லாந்து யார்டுக்கு இணையான தமிழகக் காவல்துறை' என்று ஒரு முறையாவது சொல்லாமல் விடமாட்டார்கள். ஒரு கொல்லைப்புற வாசலுக்குத்தான் இணை சொல்கிறோம் என்பது அவைக்குறிப்பில் ஏறியிருக்காது.

ராணுவம் சிவப்புச் சட்டை போட்டது. மக்களுக்கு அதன்மேல் பயம், வெறுப்பு. அதனால் பீலின் ஆட்களுக்கு நீலக் கோட்டும் உயரமான தொப்பியும் கொடுத்து, சாதாரணக் கனவான்கள் மாதிரி அனுப்பிவைத்தார்கள். லண்டன்காரன் ஏமாறவில்லை. சிப்பாயை ஏற்கனவே 'லாப்ஸ்டர்' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான், சிவப்பாக இருந்ததால். போலீஸ்காரனுக்கு 'பச்சை லாப்ஸ்டர்' என்று பெயர் வைத்தான். உயிரோடு இருக்கும்போது கருநீலமாக இருக்கிற சிங்கி இறால் கொதிக்கிற தண்ணீரில் விழுந்ததும் சிவந்துபோகும். ஆக, நீலச் சட்டைக்காரனும் சூடேறினால் சிப்பாய்தான் என்று அர்த்தம். ஒரு மேடைப் பேச்சு முழுக்கச் சொல்ல வேண்டிய அரசியலை மீன் சந்தையிலிருந்து ஒரே சொல்லில் எடுத்துவிட்டான். எனக்குத் தெரிந்து போலீஸுக்கு வைத்த பெயர்களில் இதைவிடக் கூர்மையானது வேறு இல்லை. அது வழக்கொழிந்து போனது நஷ்டம்.

முதல் நாள் படையின் லட்சணமும் கேலிக்குத் தோதாகத்தான் இருந்தது. வாரண்ட் எண் 1 கொடுக்கப்பட்ட வில்லியம் அட்கின்சன் குடிபோதைக்காக அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பப்பட்டார்.

'காப்பர்' என்ற சொல்லுக்குச் செம்புப் பொத்தானைக் காரணம் காட்டுவார்கள். நம்ப வேண்டாம். 'காப்' என்றால் கொச்சையில் பிடி, கவ்வு. பிடிக்கிறவன் காப்பர், அவ்வளவுதான். 'ஓல்ட் பில்' கதைதான் சிக்கல். அதற்கு ஒரு டஜன் விளக்கங்கள் உலவுகின்றன. முதல் உலகப் போரில் புரூஸ் பேர்ன்ஸ்ஃபாதர் வரைந்த தொங்குமீசைக் கிழட்டுச் சிப்பாயின் பெயர் ஓல்ட் பில். 1917இல் அரசாங்கம் அந்தப் பாத்திரத்துக்குப் போலீஸ் உடுப்பு மாட்டி விளம்பரத்தில் நிறுத்தியது, அதிலிருந்து வந்தது என்பது ஒன்று. லண்டன் போலீஸின் பறக்கும் படை (ஃப்ளையிங் ஸ்குவாடு) வைத்திருந்த பழைய கார்களில் பி-ஒய்-எல் என்ற எழுத்துகள் இருந்தன, அதிலிருந்து வந்தது என்பது இன்னொன்று. நான் மீசையின் கட்சி. கார் எண்ணைவிட மீசைக்குத்தான் ஒரு பெயரைச் சுமக்கும் பலம் உண்டு.

டீ ஆறிவிட்டது. தெருவில் ஏதோ மாறியது. கலைந்துபோன சைக்கிள் பையன்களில் ஒருவன் சந்து வழியாகச் சுற்றி மறுபடி இந்தப் பக்கமே வந்து சேர்ந்திருந்தான். வாழைக்காய்க் கடைக்கும் சுவருக்கும் நடுவில் அந்த இரண்டு தொப்பிகளும் அவனை நிறுத்தியிருந்தன. நான் இருந்த இடத்திலிருந்து பத்தடி இருக்கும்.

பெண் போலீஸ்தான் பேசினாள். குரலில் கடுமை இல்லை, மனப்பாடம் இருந்தது. பிரிட்டிஷ் போலீஸுக்குப் பயிற்சியில் 'கோ வைஸ்லி' என்று ஒரு சூத்திரம் சொல்லிக்கொடுப்பார்கள். விவேகமாகப் போ என்பது போலப் பொருள் தரும், ஆனால் ஒவ்வொரு எழுத்தும் ஒரு கட்டளை. எதற்காகச் சந்தேகப்படுகிறேன், என்ன பொருளைத் தேடுகிறேன், உடுப்பில் இல்லாவிட்டால் வாரண்ட் அட்டை, என் பெயர் இது, என் ஸ்டேஷன் இது, சோதனைப் பதிவின் நகல் கேட்க உனக்கு உரிமை உண்டு, எந்தச் சட்டப்படி சோதிக்கிறேன், கடைசியாக, நீ இப்போது தடுத்து வைக்கப்பட்டிருக்கிறாய். அந்த வரிசை பிசகாமல் அவள் சொல்லிக்கொண்டு வந்தாள். பாதி வந்ததும் பையன் குறுக்கிட்டான்.

"பேர் சொல்லிட்டீங்க. அடுத்தது ஸ்டேஷன்."

அவள் ஒரு நொடி நிறுத்தினாள். "பிரிக்ஸ்டன்" என்றாள்.

"அடுத்தது நகல். எனக்கு வேணும்."

ஆண் போலீஸ்காரனின் வாய் ஓரத்தில் சிரிப்பு எட்டிப்பார்த்து மறைந்தது. பதினாறு, பதினேழு வயதுப் பையன் பயிற்சிக் கல்லூரிப் பாடத்தைத் தெருவிலேயே படித்துத் தேறியிருக்கிறான். கைகளை விரித்து நிற்பதிலும் அவனுக்குப் பழக்கம் தெரிந்தது. பைகளைக் கேட்பதற்கு முன்பே வெளியே இழுத்துவிட்டான். ஒரு பஸ் அட்டை, பபிள்கம் காகிதம், சார்ஜர் வயர். வாழைக்காய்க்காரம்மா எடைபோடுவதை நிறுத்திவிட்டுத் தராசுத் தட்டைப் பிடித்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார்.

தோள் ரேடியோவில் போலீஸ்காரன் விவரம் சொன்னான். "ஐசி த்ரீ, மேல், பதினேழு..." என்று போயிற்று. ஐசி என்பது அடையாளக் குறியீடு. பார்த்த மாத்திரத்தில் ஆளைத் தரம்பிரிக்கும் எண். வெள்ளையர் ஒன்று, தென் ஐரோப்பியச் சாயல் இரண்டு, கறுப்பர் மூன்று, இந்தியத் துணைக்கண்டத்துச் சாயல் நான்கு. இப்படியே போய், எதுவென்று புரியாவிட்டால் ஒன்பது. இவ்வளவு நேரம் ஊரார் போலீஸுக்கு வைத்த பெயர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். போலீஸ் ஊராருக்கு வைத்திருக்கும் பெயர் இது. வட்டாரம், சாதி, சிவன் கோவிலா பெருமாள் கோவிலா என்று எத்தனை பிரிவு பேசினாலும் அந்த ரேடியோவில் நாம் எல்லோரும் ஐசி ஃபோர். யாழ்ப்பாணத்தாரும் மதுரைக்காரரும் லாகூர்க்காரரும் ஒரே எண்ணுக்குள் ஒற்றுமையாக இருக்கிற இடம் வேறெங்கும் இல்லை.

பையில் ஒன்றும் இல்லை. நகலை வாங்கி மடித்து வைத்துக்கொண்டு அவன் சைக்கிளில் ஏறினான். போகும்போது சத்தம் போடவில்லை, வசவு இல்லை. மெதுவாகப் பன்றி மாதிரி ஒரு உறுமல் உறுமினான், அவ்வளவுதான். அந்தப் பன்றிப் பட்டத்துக்கும் வயது அதிகம். 1960களின் மாணவர் போராட்டத்தில் பிறந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. 1811இல் வந்த ஒரு கொச்சை அகராதியிலேயே பன்றி என்ற சொல்லுக்குப் போலீஸ்காரன் என்று பொருள் போட்டிருக்கிறது. பீல் தன் படையை உண்டாக்குவதற்கு முன்பே அவர்களுக்குப் பன்றிப் பட்டம் தயாராகக் காத்திருந்தது.

இந்தத் தெருவில் அந்த நகல் காகிதத்துக்கு ஒரு பின்கதை உண்டு. 'சஸ்' என்று ஒரு சட்டப் பிரிவு இருந்தது. சந்தேகத்துக்குரிய நபர் என்பதன் வாலை வெட்டிய சொல். 1824ஆம் வருடத்து நாடோடிகள் சட்டத்தைத் தூசி தட்டி எடுத்து, திருடுவதற்கு யோசித்தான் என்று போலீஸ்காரர் சொன்னாலே போதும் என்று கறுப்பினப் பையன்களை அள்ளிக்கொண்டு போனார்கள். 1981 ஏப்ரலில் பிரிக்ஸ்டனில் ஒரு நடவடிக்கைக்கு அவர்கள் வைத்த பெயர் 'ஸ்வாம்ப் 81'. சதுப்பு நிலம், மூழ்கடிப்பது, இரண்டு பொருளும் உண்டு. சாதாரண உடையில் வந்தவர்கள் சில நாட்களுக்குள் 943 பேரை நிறுத்திச் சோதித்தார்கள். கைதானவர்கள் 118 பேர். அந்த வார இறுதியில் பிரிக்ஸ்டன் பற்றி எரிந்தது. சஸ் அந்த வருடமே ஒழிந்தது. உச்சுக்கொட்டிய மூதாட்டிக்கு அப்போது முப்பது வயது இருந்திருக்கலாம். ராஸ்தஃபாரிகளின் பைபிள் வாசிப்பில் பாபிலோன் என்பது தம் மக்களை அடிமையாகப் பிடித்துக்கொண்டுபோன நாடு. ஒரு காவலரை அந்தப் பெயரால் கூப்பிடும்போது முழு சாம்ராஜ்யத்தையும் சேர்த்துக் கூப்பிட்டாகிவிட்டது.

'பாய்டெம்' என்பதும் ஜமைக்காதான். 'டெம்' அங்கே பன்மை விகுதி, நம் 'கள்' மாதிரி. ஃபெட்ஸ் மட்டும் அமெரிக்கத் திரையிலிருந்து இறக்குமதி. பிரிட்டனில் ஃபெடரல் போலீஸே கிடையாது. வேடிக்கை என்னவென்றால் போலீஸ்காரர்களும் 'ஃபெட்' என்ற சொல்லை வைத்திருக்கிறார்கள். 1919இல் அவர்களுக்கு வேலைநிறுத்த உரிமையைப் பறித்துவிட்டு, அதற்குப் பதிலாகப் போலீஸ் ஃபெடரேஷன் என்ற சங்கத்தைக் கொடுத்தார்கள். சம்பளப் பிரச்சினை வந்தால் ஃபெட்டிடம் போய் முறையிடுவது வழக்கம்.

லண்டனை விட்டு வெளியே போனால் பெயரும் மாறும். லிவர்பூலில் 'பிஸ்ஸி'. கிளாஸ்கோவில் 'போலிஸ்', முதல் எழுத்தில் அழுத்தம் கொடுத்து. மான்செஸ்டரில் 'டிபில்', ஒரு அமெரிக்கக் கார்ட்டூனில் பூனைகளைத் துரத்தி ஏமாறும் போலீஸ்காரனின் பெயர் அது. கென்ட், எசெக்ஸ் பக்கம் ஜிப்ஸி மொழியிலிருந்து வந்த 'காவர்'. அதை முதலில் கேட்டபோது காவல் என்றே என் காதில் விழுந்தது, சம்பந்தம் எதுவும் இல்லை. வேல்ஸில் கார் மேலேயே 'ஹெத்லி' என்று எழுதியிருக்கும். கொச்சை அல்ல, அரசாங்கச் சொல். பிரித்தால் அமைதிப் படை. அந்தப் பெயரைத் தமிழில் கேட்டால் நமக்கு வேறு ஞாபகங்கள் வரும்.

தொலைக்காட்சியும் கதைகளும் எதுகையும் தந்த பெயர்களுக்குத் தனி வரிசை போடலாம். பிபிசியின் 'டிக்சன் ஆஃப் டாக் கிரீன்' 1955இலிருந்து 1976 வரை ஓடியது. ஜார்ஜ் டிக்சன் 1950இல் வந்த 'தி ப்ளூ லாம்ப்' படத்திலேயே சுட்டுக்கொல்லப்பட்டவர். செத்தவரை எழுப்பி இருபது வருடம் ரோந்து விட்டார்கள். தொடர் முடியும்போது டிக்சனாக நடித்த ஜாக் வார்னருக்கு எண்பது வயது. தொப்பியில் கை வைத்து "ஈவ்னிங், ஆல்" என்பார். இன்றைக்கும் பப்பில் ஒரு போலீஸ்காரர் நுழைந்தால் மூலையில் யாராவது அந்தக் குரலில் சொல்லிக் காட்டுவார்கள். எனிட் பிளைட்டனின் 'நாடி' கதைகளில் வரும் பிளாடு என்ற குண்டு போலீஸால் நாடு முழுக்க கான்ஸ்டபிள்கள் 'பிளாடு' ஆனார்கள். பறக்கும் படை 'ஸ்வீனி' ஆனது கிழக்கு லண்டன் காக்னிகளின் எதுகை விளையாட்டால். ஃப்ளையிங் ஸ்குவாடுக்கு எதுகை ஸ்வீனி டாட். பின்பாதியை வெட்டி எறிந்துவிட்டு, எதுகையே இல்லாத முன்பாதியை மட்டும் சொல்வார்கள். விஷயம் தெரிந்தவனுக்கு மட்டும் புரியும், அதற்காகத்தானே விளையாட்டு.

திங்கட்கிழமை தென் லண்டனில் ஒரு மாஜிஸ்ட்ரேட் கோர்ட். பார்வையாளர் வரிசைக்கு டிக்கெட் கிடையாது, யாரும் ஏன் வந்தாய் என்று கேட்பதில்லை. வாசலில் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த ஒருவர் தன் மச்சான் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். "சைக்கிளை நிக் பண்ணான். அடுத்த தெருவுலயே நிக் ஆயிட்டான். நிக்குக்குக் கூட்டிட்டுப் போனாங்க. சைக்கிள் மட்டும் நல்ல நிக்குல இருந்துச்சு." திருடுவது, கைதாவது, காவல் நிலையம், பொருளின் நிலைமை என நாலுக்கும் ஒரே சொல். சிறைக்கு மாமியார் வீடு என்று பெயர் வைத்த நமக்கு இது ஒன்றும் அதிசயமில்லை.

உள்ளே சாட்சிக் கூண்டில் ஒரு இளம் கான்ஸ்டபிள். குறிப்பேட்டைப் பார்க்க அனுமதி கேட்டுத் திறந்தான். வெளியே காரிடாரில் நண்பனிடம் கால்பந்து பேசிக்கொண்டிருந்த அதே வாயிலிருந்து வேறு மொழி வந்தது. "பதினான்கு மணி இருபது நிமிடத்தில், முழுச் சீருடையில், அடையாளமிட்ட வாகனத்தில், சக காவலரின் துணையுடன் ரோந்தில் இருந்தேன். குறிப்பிட்ட ஆணிடம் பேச வேண்டிய காரணம் எனக்கு ஏற்பட்டது." எந்த மனிதனும் எந்த நாட்டிலும் இப்படிப் பேசுவதில்லை. போலீஸ்காரர் நடக்கமாட்டார், முன்னேறிச் செல்வார். பார்க்கமாட்டார், அவதானிப்பார். பத்திரிகைகளும் இந்தப் பாணியிலிருந்து ஒன்றைத் தத்தெடுத்திருக்கின்றன: 'ஒரு நபர் விசாரணையில் போலீஸாருக்கு உதவிவருகிறார்.' இரவு முழுக்கக் கட்டைப் பெஞ்சில் உட்கார்ந்து அந்த நபர் செய்யும் உதவியை நாம் கற்பனை செய்துகொள்ளலாம்.

குறிப்பேட்டுக்கும் ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள், 'எல்போஸ்', முழங்கைகள். அழித்து எழுதக்கூடாது, தாளைக் கிழிக்கக்கூடாது, இடம் விடக்கூடாது, எழுதியதன்மேல் எழுதக்கூடாது, வரிக்கு நடுவே நுழைக்கக்கூடாது. ஒருவர் சொன்னதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுத வேண்டும் என்பது கடைசி விதி. இந்தக் கடைசி விதியில்தான் ஒரு காலத்தில் பெரிய ஓட்டை இருந்தது. விசாரணை அறையில் ஒலிப்பதிவு இல்லாத நாட்களில் குற்றவாளி என்ன சொன்னான் என்பதற்குக் குறிப்பேடே சாட்சி. அதில் அவன் சொல்லாததைச் சொன்னதாக எழுதுவதற்கு 'வெர்பல்' என்று பெயர். "ஃபேர் காப், கவ்னர், வசமா மாட்டிக்கிட்டேன்" என்று எத்தனையோ பேர் தாங்கள் பேசாத பேச்சுக்காக உள்ளே போனார்கள். ஒருவரை ஒருவர் அறியாத திருடர்களெல்லாம் ஒரே எழுத்தாளர் எழுதிய வசனத்தைப் பேசியிருக்கிறார்களே என்று வழக்கறிஞர்கள் குறுக்கு விசாரணை செய்யவேண்டியிருந்தது. 1984ஆம் வருடத்துப் போலீஸ் மற்றும் குற்றச் சான்றுச் சட்டம் 1986 ஜனவரியில் நடைமுறைக்கு வந்து, டேப் ரெக்கார்டர் மேசைமேல் ஏறியதும் இந்த இலக்கியம் தேய்ந்துபோனது. திருடர்கள் அதற்கப்புறம் பெரும்பாலும் 'நோ காமெண்ட்' என்ற இரண்டு சொல்லோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

அந்த இளைஞன் அன்றைக்கு ஒழுங்காகத்தான் படித்தான். 'அப்போது அவர் பின்வருமாறு கூறினார்' என்று ஒரு இடைவெளி விட்டு, தாளைப் பார்த்து, உணர்ச்சியே இல்லாத குரலில் மூன்று கெட்ட வார்த்தைகளை வரிசையாகப் படித்தான். பெஞ்சில் நடுவில் இருந்த அம்மையார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ஒன்றையும் விடாமல் எழுதிக்கொண்டார். கூண்டுக்கு எதிரே உட்கார்ந்திருந்த குற்றம் சாட்டப்பட்டவருக்கு வெட்கம் வந்துவிட்டது. நேரில் திட்டியபோது இருந்த காரம் எழுத்தில் ஏறி, சீருடை வாயில் திரும்ப வரும்போது ரேஷன் கடை அறிவிப்பு மாதிரி ஆகிவிட்டிருந்தது.

மதியம் பக்கத்துக் காபிக் கடை. அடுத்த மேசையில் நாலு கான்ஸ்டபிள்கள், தலைமையில் ஒரு சார்ஜென்ட். அவரை 'ஸ்கிப்பர்' என்றார்கள். சாப்பாட்டு இடைவேளைக்கு 'ரெஃப்ஸ்'. பேச்சைக் கேட்டால் ஊரார் வைத்த பெயர்கள் எல்லாவற்றையும் இவர்களே எடுத்துப் புழங்குகிறார்கள். தங்களைத் தாங்களே ஓல்ட் பில் என்கிறார்கள். உடுப்பில்லாத துப்பறிவாளர்கள் உடுப்புப் போட்டவர்களுக்கு 'வுடன்டாப்', மரமண்டை. போக்குவரத்துப் பிரிவுக்குக் 'கறுப்பு எலி', சக போலீஸ்காரனுக்கே அபராதச் சீட்டு எழுதுகிறவர்கள், தன் இனத்தையே தின்னும் பிராணி என்று காரணம் சொன்னார்கள். அந்தப் பிரிவினர் அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டு காரில் எலி ஸ்டிக்கர் ஒட்டுவார்களாம். சக போலீஸாரையே விசாரிக்கிற பிரிவு 'ரப்பர் குதிகால்', சத்தமே இல்லாமல் பின்னால் வந்து நிற்பதால். உயர் அதிகாரியின் தொப்பியில் இருக்கும் சரிகை 'முட்டைப் பொரியல்'. தீயணைப்புப் படைக்குக் குழந்தைகள் நிகழ்ச்சி ஒன்றிலிருந்து 'ட்ரம்ப்டன்'. வெளியாள் வைத்த எந்தப் பெயரிலும் இவ்வளவு விஷம் இல்லை என்றே எனக்குத் தோன்றியது.

அவர்களில் மிகப் புதியவன், காது மடல் இன்னும் சிவந்தே இருக்கிற வயது, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னான்:

"இன்னைக்கு என்னவோ ரொம்ப அமைதியா இருக்குல்ல."

மேசையில் இருந்த எல்லோரும் ஒரே நேரத்தில் முனகினார்கள். ஒருவர் தலையில் கை வைத்துக்கொண்டார். பணியில் இருக்கும்போது அமைதி, அதாவது 'க்வயட்' என்ற அந்த வார்த்தையைச் சொல்லக்கூடாது. சொன்னால் ஊரில் இருக்கிற சண்டை, திருட்டு, விபத்து எல்லாம் அன்றைக்கே வந்து சேரும் என்பது இங்கே மருத்துவமனை நர்ஸுகளுக்கும் போலீஸுக்கும் பொதுவான மூடநம்பிக்கை. சொல்லியே ஆகவேண்டும் என்றால் 'க்யூ-வார்த்தை' என்று முதல் எழுத்தை மட்டும் சொல்வார்கள். குற்றத்துக்குத் தண்டனையும் வழக்கத்தில் உண்டு. யாராவது ஏதாவது சொதப்பினால் ஸ்டேஷனுக்கே கேக் வாங்கிவர வேண்டும்.

"கேக்" என்றார் ஸ்கிப்பர்.

"நான் சும்மா..."

"கேக். லெமன் டிரிசில். போன தடவை மாதிரி பாதி விலைன்னு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டினதை வாங்கிட்டு வராதே."

அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு எதிர் சாரி சூப்பர்மார்க்கெட்டை நோக்கி முன்னேறிச் சென்றான்.